பழைய லேப்டாப்புக்கே செலவழிப்பதா, ரீஃபர்பிஷ்டு வாங்குவதா?

கேள்வி, 7 ஜூன் 2025

2016இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போதுதான் பாஸ்வேர்டு கேட்கிறது. ஒரு நண்பர், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சிப்பில் தகவலைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போடு என்கிறார். இன்னொருவர், தலையைச் சுற்றித் தூக்கிப் போட்டுவிட்டு ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபார்த்துத் திரும்ப விற்பது) ஒன்று வாங்கு என்கிறார். என் வேலை பிரவுசர், எக்செல், எப்போதாவது வீடியோ அழைப்பு. அவ்வளவுதான். எதைச் செய்வது?

8 ஜூன் 2025, காலை

எஸ்எஸ்டி போடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

அந்தக் காலத்து லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேடும் தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை இடம் மாறும் நேரம் தனி. ஆக ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 15 மில்லி விநாடி. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே கிடையாது. அதே தேடல் 0.1 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும்.

என் லேப்டாப் 2017இல் வாங்கியது. 2019இல் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். மூன்று நிமிடம் எடுத்தது 20 விநாடியில் திறந்தது. எல்லாவற்றையும் மூடிய பிறகு மேசையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது.

8 ஜூன் 2025, இரவு

"யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியது அவசரம். ஐந்து நிமிடமாவது யோசியுங்கள்.

லேப்டாப் திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு மற்றவை சும்மா இருந்தால் டிஸ்க்தான் குற்றவாளி. மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) போதவில்லை. உங்கள் 4 ஜிபியைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்: ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும், டிஸ்க் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறது. இரண்டும் சும்மா இருக்க, பிராசசர் மட்டும் 100இல் நின்றால் லேப்டாப்பில் மாற்ற ஒன்றுமில்லை, அது மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்தது.

அப்புறம், எதைத் தொடுவதற்கும் முன்னால் கோப்புகளைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

15 ஜூன் 2025

ரேம், எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்களுக்கு, நான் தண்டம் கட்டிக் கற்றுக்கொண்ட இரண்டு விஷயம்.

ஒன்று, எம்.2 துளை, அதாவது மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம். என் லேப்டாப்பில் அப்படி ஒன்று காலியாக இருந்ததைப் பார்த்ததும் ஆசை யாரை விட்டது? வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில்) தெரியவே இல்லை. இரண்டு நாள் அதை எடுத்து எடுத்துச் செருகிப் பார்த்த பிறகுதான் சேவைக் கையேட்டைப் படித்தேன்: அந்தத் துளை சாட்டா என்ற பழைய, மெதுவான வகைக்கு மட்டும். எம்.2 என்பது உருவத்தின் பெயர், உள்ளே ஓடும் பாஷையின் பெயர் அல்ல. கடைசியில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் போட்டேன்.

இரண்டு, ரேம். டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். 1.35 மட்டும் தரும் போர்டில் முதல் வகையைப் போட்டால் கறுப்புத் திரைதான். டிடிஆர்4 என்றால் வெட்டே வேறிடத்தில் இருக்கும், நுழையாது, அந்த வகையில் அது நல்ல பிள்ளை. இதைவிட முக்கியம், மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பின்பக்கத்தைத் திறக்கும் முன் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் துளை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நான் திறந்த பிறகு தேடினேன்.

2 ஜூலை 2025

பேட்டரி பற்றி எழுதாமல் விட்டேன். அதற்கும் தண்டனை கிடைத்துவிட்டது.

ஒரு வாரமாக என் லேப்டாப்பின் டச்பேட் அழுத்தினால் அமுங்கவில்லை. தூசி என்று நினைத்து ஊதினேன், துடைத்தேன், டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். நேற்று லேப்டாப்பை மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது. திறந்து பார்த்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பி, அடியிலிருந்து டச்பேடை முட்டிக்கொண்டிருக்கிறது. இது ஒன்றரை வருடத்துக்கு முன் நானே மாற்றிய "புத்தம்புதிய" பேட்டரி. தயாரித்தவர் பெயர் இல்லாமல், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது.

உப்பிய பேட்டரியை அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி பெட்டியில் சும்மா கிடந்தாலும் வயதாகும். ஆகவே கைபடாதது என்பதற்கும் புதியது என்பதற்கும் தூரம் அதிகம். தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எஸ்எஸ்டி, தவறாக வாங்கிய எஸ்எஸ்டி, ரேம், ஒரு பேட்டரி, இனி இன்னொரு பேட்டரி. இதற்கிடையில் சார்ஜர் ஒயர் பிய்ந்து அதையும் மாற்றினேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒவ்வொரு முறையும் "இது ஒன்றுதானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மொத்தமாக யாராவது முதல் நாளே கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன்.

20 ஜூலை 2025

முதல் பதிவில் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். அதன் பிறகும் லேப்டாப் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. விரும்பிப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை ஒரு வருட நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். 7ஆம் தலைமுறையில் ஓரிரு விதிவிலக்குகள் தவிர மற்றவை பட்டியலில் இல்லை.

என்னுடையது ஐ7-7500யு. 7ஆம் தலைமுறை. ஐ7 என்ற எழுத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது.

வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். அதற்கு அடுத்த வருடம் வந்த ஐ5-8250யுவில் நான்கு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). என் ஐ7இல் இரண்டு. விண்டோஸ் 11 பட்டியலில் அந்த ஐ5 இருக்கிறது, என் ஐ7 இல்லை. ரீஃபர்பிஷ்டு விளம்பரங்களில் "ஐ7" என்று கொட்டை எழுத்தில் போட்டுத் தலைமுறையைப் பொடி எழுத்தில் போடுவது ஏன் என்று இப்போது புரிகிறது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7500 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8, 10210 என்றால் 10.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் 2016 லேப்டாப்பும் இந்தப் பக்கம்தான் நிற்கும். எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், அது பொய்யில்லை. ஆனால் அந்த வேகத்தை எத்தனை நாள் அனுபவிக்கப் போகிறீர்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறத் தயார் என்றால் கணக்கே வேறு. எக்செல் கட்டாயம் என்றால் அந்தப் பேச்சை விடுங்கள், லினக்ஸுக்கென்று எக்செல் கிடையாது.

21 ஜூலை 2025

விண்டோஸ் 11ஐ எப்படியாவது ஏமாற்றிப் போட்டுவிடலாம் என்று தனியாக எழுதியவருக்கு: போடலாம். ஓடும். அடுத்த பெரிய அப்டேட் வரும்போது தூக்கம் வராது. எனக்குத் தூக்கம் முக்கியம்.

17 ஆகஸ்ட் 2025

அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். "சித்தப்பா, நீங்கள்தான் இதில் எக்ஸ்பர்ட்" என்றாள். மறுக்க முடியுமா? ரீஃபர்பிஷ்டு ஒன்று தேட இறங்கினேன்.

ரீஃபர்பிஷ்டு என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அர்த்தம் கிடையாது. ஒருவர் பேட்டரியை மாற்றி, தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை) புதிதாகத் தடவி, ஒவ்வொரு போர்ட்டையும் சோதித்துத் தருவார். இன்னொருவர் துணியால் துடைத்து விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தருவார். இரண்டு பேர் பெட்டியிலும் ஒரே சொல். ஏ கிரேடு, பி கிரேடு என்பதெல்லாம் பெரும்பாலும் மேல்தோல் சமாச்சாரம்: கீறல் எத்தனை, மூலை நசுங்கியிருக்கிறதா என்பது. உள்ளே நுரையீரல் எப்படி என்று அந்த எழுத்து சொல்லாது. எனக்கு சி கிரேடு மேல். மூடியில் கீறல் இருந்தால் இருக்கட்டும், அந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் ரேம் கிடைக்கும். அண்ணன் மகளுக்கு இந்தத் தத்துவம் பிடிக்கவில்லை, ஏ கிரேடுதான் வேண்டும் என்றாள்.

நல்ல பண்டம் பெரும்பாலும் அலுவலகங்களிலிருந்து வருகிறது. மூன்று நான்கு வருடம் குத்தகைக்கு எடுத்து, மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பவை. அலுவலகங்களுக்கென்றே செய்த மாடல்கள் திறந்து பழுது பார்க்கத் தோதாக இருக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு என்று விற்ற மினுமினு லேப்டாப்பை விட இதைத்தான் எடுப்பேன்.

எடுத்தேன். 10ஆம் தலைமுறை, 16 ஜிபி ரேம். திரை பளிச்சென்று இருந்தது. மூன்று நாள் எல்லாம் சுகம்.

21 ஆகஸ்ட் 2025

நான்காம் நாள், எதற்கும் ஒருமுறை முழுமையாக ரீசெட் செய்து சுத்தமாகக் கொடுக்கலாமே என்று உட்கார்ந்தேன். ரீசெட் முடிந்து வைஃபை கொடுத்ததும் ஒரு வரவேற்புத் திரை. முன்பின் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர், உங்கள் அலுவலகக் கணக்கில் உள்ளே வாருங்கள் என்று அழைப்பு.

பழைய முதலாளி இன்னும் கையை விடவில்லை என்று அர்த்தம். பெரிய நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தையே மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கின்றன. டிஸ்கை அழித்தாலும், டிஸ்கையே மாற்றினாலும் அந்தப் பதிவு போகாது. பதிந்த நிறுவனம் நீக்கினால்தான் உண்டு. விற்றவர் இணையத்தில் இணைக்காமலேயே விண்டோஸைப் போட்டு, உள்ளூர் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்திருக்கிறார். அதனால்தான் மூன்று நாள் தெரியவில்லை.

திருப்பி அனுப்பிவிட்டேன். ஏழு நாள் அவகாசம் இருந்ததால் பிழைத்தேன். இனி வாங்கியவுடன் முதல் வேலை, வேறு எதையும் பார்ப்பதற்கு முன், இணைய இணைப்போடு ஒரு முழு ரீசெட்.

அண்ணன் மகள் என்னை எக்ஸ்பர்ட் என்று அழைப்பதை நிறுத்திவிட்டாள்.

6 செப்டம்பர் 2025

இரண்டாவது வந்திருக்கிறது, வேறு இடத்திலிருந்து. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது விலை கொடுத்து வாங்கிய மாடு. ஒரு மாலை முழுக்க பல்லை எண்ணினேன்.

முதலில் ரீசெட், இணையத்தோடு. யாரும் வரவேற்கவில்லை. பயாஸுக்குள் போக பாஸ்வேர்டு கேட்கவில்லை. பிறகு பேட்டரி அறிக்கை. விண்டோஸிலேயே ஒரு வரிக் கட்டளையில் அது கிடைக்கும். தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண்ணும் அதில் இருக்கும். 78 சதவீதம் வந்தது. சரி, நான்கு வயதுக்கு மோசமில்லை. எஸ்எஸ்டியின் உடல்நிலையை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன்: 9,000 மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் 91 சதவீதம். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம், வருடத்துக்கு 250 நாள், நான்கு வருடம் என்று பெருக்கினால் கணக்கு நேராக வருகிறது. 200 மணி நேரம் என்று காட்டியிருந்தால் டிஸ்க் மாறியிருக்கிறது, யார் மாற்றினார்கள், எதைப் போட்டார்கள் என்று விசாரித்திருப்பேன்.

கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அடித்தேன். எல்லா யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகினேன். முழு வெள்ளைத் திரை, முழுக் கறுப்புத் திரை. இரண்டு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு விசிறிச் சத்தம் கேட்டேன். கீழே ஒரு மூலையில் ஒரு ஸ்க்ரூ இல்லை, மற்றபடி குறை இல்லை.

ஆனால் அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தது வேறு. ரீஃபர்பிஷ்டு என்பதும் பழசுதான், இன்னொருவர் வீட்டுப் பழசு. என் லேப்டாப்புக்கு எங்கே வலிக்கும், எந்தக் கோணத்தில் திரையைச் சாய்த்தால் கோடு விழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதன் ஜாதகம் எனக்குத் தெரியாது. இதன்மேல் யாராவது காபி கொட்டினார்களா? மாடிப்படியில் விழுந்ததா? இதுவரை நான் இரண்டையும் பழசு எதிர் புதுசு மாதிரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பு. தெரிந்த நோயாளியையும் தெரியாத நோயாளியையும் ஒப்பிட வேண்டும். அந்தத் தெரியாத தன்மைக்குத்தான் வாரண்டி. வாரண்டி இல்லாத ரீஃபர்பிஷ்டு வெறும் செகண்ட் ஹேண்ட்.

12 அக்டோபர் 2025

போனுக்கும் இதுவேதானா என்று ஒருவர் கேட்டார். இல்லை. போனில் ரேமும் மாற்ற முடியாது, சேமிப்பகமும் மாற்ற முடியாது. மாற்றத் தக்கது பேட்டரி ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றே சில சமயம் அதிசயம் செய்யும். பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க வேகத்தைக் குறைக்கிறோம் என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் கிழமாகிவிட்டது என்று நினைத்தவர்கள் பலருக்கு, பேட்டரி மாற்றியதும் இழந்த வேகம் திரும்பியது.

ரீஃபர்பிஷ்டு போன் என்றால் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு நீங்கியிருக்க வேண்டும். அப்டேட் எந்த வருடம் வரை என்று பாருங்கள். 2023இல் வந்த பிக்சல் 8க்கு ஏழு வருடம் என்று கூகிள் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு மூன்று நான்கு வருடம்தான். ஆகவே ஐந்து வயது போன் பளபளவென்று இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

9 நவம்பர் 2025

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு என் பதில் சின்னது. 2022இல் உலகம் 62 மில்லியன் டன் மின்கழிவு போட்டது, முறையாகச் சேகரித்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். இது ஐநா அமைப்புகளின் 2024 அறிக்கை. ஒரு லேப்டாப்பின் வாழ்நாள் கரியுமிழ்வில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. ஆகவே பழசை ஓட்டினாலும் சரி, அடுத்தவர் பழசை வாங்கினாலும் சரி, இரண்டும் புண்ணியம்தான். அதை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

18 ஜனவரி 2026

ரேம் விலை 2025 கடைசியில் ஏற ஆரம்பித்து இன்னும் இறங்கவில்லை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. ஜூனில் நான் "ரேம் போதவில்லை" என்று எழுதியபோது, கூட ஒன்று வாங்கிப் போடு என்பது லேசான யோசனை. இப்போது ரேமைத் தனியாக வாங்கும் செலவுக்கு, ஏற்கெனவே 16 ஜிபி உள்ள ரீஃபர்பிஷ்டு பக்கம் தராசு சாய்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கோ, அவர்களும் விலையை ஏற்றுவார்கள்.

பழைய உதிரிபாகங்களில் இன்னொன்று கவனித்தேன். என் பணம் எதில் தங்கியது என்று பார்த்தால், எஸ்எஸ்டியில் மட்டும்தான். அந்த லேப்டாப்புக்கென்றே வாங்கிய பேட்டரி வேறு எதற்கும் உதவாது. 2.5 அங்குல எஸ்எஸ்டியை யுஎஸ்பி கூட்டில் போட்டால் வெளி டிஸ்காக இன்னொரு வாழ்க்கை. கேள்வி கேட்டவர் எஸ்எஸ்டி மட்டும் போட்டிருக்கிறாராம், ரேமை விட்டுவிட்டாராம், நீட்டிப்பில் ஓட்டுகிறாராம். அக்டோபரில் அதைக் கழற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போவார். நான் சொன்னதை விட நல்ல யோசனை.

1 பிப்ரவரி 2026

என் ஐ7இல் லினக்ஸ் மின்ட் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். பேட்டரி இல்லாமல், சுவரோடு கட்டிப்போட்டு ஓடுகிறது. செய்தி படிக்கிறார், வீடியோ பார்க்கிறார். "இது நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்தினே?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தபோது அவள் லேப்டாப்பின் காலி மூலை ஞாபகம் வந்தது. 2019இல் மிஞ்சிய ஸ்க்ரூவை டப்பாவிலிருந்து தேடி எடுத்து வைத்துத் திருகினேன். மரையில் ஏறியது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் நீளம் அதிகம், கடைசிச் சுற்றில் உள்ளே எதையோ முட்டுவது கைக்குத் தெரிந்தது. கழற்றித் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன்.